வெயிலில் வைத்த கை

“ஆட்டக் கூடாது பெரிய ஆச்சி. ஆட்டினா ஒவ்வொரு விரலும் ரெண்டு ரெண்டாத் தெரியும்” என்றார் ஜாஸ்மின் டீச்சர்.

“எம்புட்டு நேரத்துக்கு?”

“நல்ல வெயிலுன்னா பத்து நிமிசம்.”

“பத்து நிமிசத்துல ஒரு ஈடு இட்லி வெந்துருமே” என்று சொல்லிக்கொண்டே கோமதி அக்காள் வலது கையை விரித்துத் துணிமேல் வைத்தாள்.

குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. ஆடி மாதம், குற்றாலத்தில் சீசன். மேற்கே மலையில் மேகம் குவிந்து கிடந்தது. அது விலகினால் சுள்ளென்று வெயில், சேர்ந்தால் முகத்தில் பூந்தூறல். அப்படிப்பட்ட நாளில் வெயிலை நம்பி ஒரு வேலையில் இறங்கியிருந்தோம்.

கோமதி அக்காள் என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்டாட்டி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஜாஸ்மின் டீச்சர் எங்கள் மாடி வீட்டில் வாடகைக்கு இருப்பவர். பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லிக்கொடுக்கிறார். அவருக்கு அக்காள் பெரிய ஆச்சி, நான் சின்ன ஆச்சி.

கை வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், வெயில் போய்விட்டது. டீச்சர் கையை எடுத்துவிடச் சொன்னார். அக்காள் கேட்கவில்லை.

“போன வெயிலு வராமலா போவும். வரட்டும். நான் இங்கனதான் இருக்கேன்.”

உட்கார்ந்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள். “ஏட்டி உலகு, ஒன் கையையும் இங்கன வை. பக்கத்துல எடம் விட்டுத்தான் வச்சிருக்கேன்.”

“எனக்கு எதுக்குக்கா.”

“எதுக்குக்காவாம். கையக் காட்டுனா எவனும் புடிச்சி இழுத்துட்டுப் போயிருவானாக்கும். எழுவது வயசு ஆவுது, இன்னும் வெக்கம்.”

டீச்சர் சிரித்தார். நான் கையை முந்திக்குள் சுருட்டிக்கொண்டேன். வெயில் வந்தது, போனது, மறுபடி வந்தது. அரைமணி நேரமும் அக்காளின் கைக்குப் பக்கத்தில் அந்த இடம் காலியாகவே கிடந்தது.

வெள்ளையாக நிற்கும் சாமான்கள்

தெரியாதவர்களுக்காக அந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மருந்து. ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. தண்ணீரில் கலந்து, இருட்டான அறையில் வைத்துத் துணியில் பூச வேண்டும். டீச்சர் குளியலறை ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு அங்கேதான் பூசுவார். காய்ந்தால் துணி இளமஞ்சளாக, கொஞ்சம் பச்சை கலந்து இருக்கும். அதை வெயிலுக்குக் கொண்டுவந்து மேலே ஏதாவது சாமானை வைத்துவிட்டால் போதும். வெயில் பட்ட இடமெல்லாம் சாம்பல் பூத்துப்போகும். பிறகு நல்ல தண்ணீரில் அலசினால் மஞ்சள் தண்ணீர் கழிந்து, துணி நீலமாகும். சாமான் இருந்த இடம் மட்டும் வெள்ளை.

அந்த நீலம் நாங்கள் வேட்டிக்குப் போடும் நீலம் மாதிரி இல்லை. மழை வருவதற்கு முன்னால் மலை இருக்குமே, அந்த நிறம்.

முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் குற்றாலத்தில் பறித்த இலைகளை வைத்துத் தனியாகத்தான் செய்துகொண்டிருந்தார். துணி காயப்போட மாடிக்குப் போன அக்காள் பார்த்துவிட்டாள். அப்புறம் எங்கள் அடுப்படியே மாடிக்கு ஏறிவிட்டது. இடியாப்பத் தட்டு, முறுக்கு அச்சு, கண் கரண்டி, ஊக்கு, சீப்பு, அக்காளின் மூக்குக்கண்ணாடி. முறுக்கு அச்சு நட்சத்திரம் நட்சத்திரமாக விழுந்தது. மூக்குக்கண்ணாடி விழுந்ததைப் பார்த்துவிட்டு அக்காள், “நான் செத்த பொறவு என் கண்ணாடி மட்டும் ஆவியா வந்து நிக்க மாதிரி இருக்கு” என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

கை பதித்த துணியை டீச்சர் அலசி நிழலில் காயப்போட்டார். அக்காளின் கை வெள்ளையாக, ஐந்து விரலும் தெளிவாக வந்திருந்தது. சுண்டுவிரல் மட்டும் மற்ற நான்கையும் விட்டு வெளிப்பக்கமாகக் கோணி நின்றது. அவள் கையே அப்படித்தான்.

“ஆச்சி, இதை எப்பவாவது அலசணும்னா வெறுந்தண்ணியில அலசுங்க. சோப்பு, சோடா மட்டும் படவே கூடாது. பட்டா நீலம் போயிரும்” என்றார் டீச்சர்.

“அதை இவகிட்டச் சொல்லுங்க டீச்சர். இவ கரித்துணியவே கல்யாண வேட்டியா ஆக்கிருவா.”

அது உண்மை. எனக்குப் பேச வராது, பாட வராது, சமையலும் சுமார்தான். துவைக்க வரும். எங்கள் சொந்தத்தில் என் வீட்டுக் கொடியைப் பார்த்து ஒரு குறை சொல்ல ஆள் கிடையாது. அது ஒன்றுதான் எனக்குப் பெருமையாக இருந்தது.

அக்காள் அந்தத் துணியை என்னிடமே கொடுத்துவிட்டாள். “எங்க வீட்டுல கெடந்தா பேரப்பிள்ளைக்கு மூக்கு சிந்த எடுத்துருவாவ. ஒன் பெட்டில இருக்கட்டும். ஒனக்கு என்னைக்கு வெக்கம் போவுதோ அன்னைக்குப் பக்கத்துல ஒன் கைய வச்சு முடி.”

மருந்து ஒரு தடவைதான் வேலை செய்யும், அலசிய துணியில் மறுபடி வைக்க முடியாது என்று டீச்சர் சொன்னார். அக்காள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

படத்தில் இல்லாதவள்

இந்தப் பத்திரிகையில் இந்தத் தொடர் ஆரம்பித்தபோது என் போட்டோ கேட்டார்கள். நான் ஒரு கோலம் வரைந்து அனுப்பினேன். தலைப்பில் வாராவாரம் நீங்கள் பார்ப்பது அதுதான். ஏன் போட்டோ இல்லை என்று சிலர் கடிதம் போட்டிருக்கிறீர்கள்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. அந்த வருசக் கடைசியில் பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்த ஆள் கையைத் தூக்கிய நேரத்தில் எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. முன்னால் நின்ற பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் குத்தவைத்துவிட்டேன். அந்தப் படத்தில் என் ரிப்பன் மட்டும் இருக்கிறது.

கல்யாணப் படத்தில் வகிடும் மாலையும் இருக்கிறது. முகம் இல்லை.

இப்போதும் வீட்டில் போன் அடித்தால் மருமகள்தான் எடுப்பாள். யாரென்று கேட்டு, பேச வேண்டியதைச் சொல்லி, பிறகு என் காதில் வைப்பாள். பேசத்தான் எனக்குக் கூச்சம். எழுதுவதில் அவ்வளவு இல்லை. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

இப்படிப்பட்டவள் அன்றைக்குக் கையை நீட்டவில்லை என்றால் அதில் அதிசயம் ஒன்றும் இல்லைதான். ஆனால் கேட்டது யார் என்று நினைக்கும்போதுதான் மனசு ஆறவில்லை. அந்தக் கைக்கு நான் பட்ட கடன் அப்படி.

அருவியில் நடந்தது

கல்யாணமாகி வந்த முதல் சாரல். எங்கள் மாமியார் மருமகள்கள் இரண்டு பேரையும் ஒரு வெள்ளிக்கிழமை தென்காசி கோயிலுக்கு அனுப்பினார்கள். கோயிலுக்குப் போனால் கோயில், வந்தால் வீடு. வேறு எங்கேயும் கால் வைக்கக் கூடாது.

கோபுர வாசல் வரைக்கும் போய்விட்டு அக்காள் நின்றாள். கோபுரத்துக் காற்று சேலையை அள்ளிக்கொண்டு போனது. காற்றில் ஈரம் இருந்தது.

“ஏட்டி, சாமி வருசம் பூராவும் இங்கனதான் இருப்பாரு. அருவி ரெண்டு மாசந்தான்” என்றாள். “வா, பஸ்ஸு நிக்கி.”

“அத்தை ஏசுவாவளேக்கா.”

“தெரிஞ்சால்லா ஏசுவா.”

அதுவரைக்கும் நான் அருவியை நேரில் பார்த்ததில்லை. பொம்பிளைகள் குளிக்கிற பக்கத்தில் நிற்க இடம் இல்லாத கூட்டம். அக்காள் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது கையை என் பக்கம் நீட்டினாள். “வாட்டி, பயப்படாம வா” என்று கத்தினாள். தண்ணீர் இரைச்சலில் வாய் அசைந்ததுதான் தெரிந்தது.

போனேன். தலையில் தண்ணீர் விழுந்ததும் கண் இருட்டியது. காலுக்கடியில் பாசி. வழுக்கியது. விழுகிற நேரத்தில் கையில் அகப்பட்டதைப் பிடித்தேன். அகப்பட்டது அக்காளின் சுண்டுவிரல். என் உடம்பு முழுப் பாரமும் அந்த ஒரு விரலில் தொங்கியது.

அவள் விரலை இழுத்துக்கொண்டிருக்கலாம். நான் கீழே போயிருப்பேன். அவள் இழுக்கவில்லை. அது ஒடிந்த சத்தம் அந்த இரைச்சலில் கேட்டிருக்க முடியாது. ஆனால் என் கைக்குத் தெரிந்தது.

வெளியே வந்து பார்த்தால் விரல் கோணி நிற்கிறது. நான் அழ ஆரம்பித்தேன்.

“சும்மா இருட்டி. எனக்குத்தான வலிக்கி, நீ எதுக்கு அழுத” என்றாள். முகம் வெளுத்துப்போய் இருந்தது.

வீட்டுக்கு வந்தோம். மாமியார் வாசலிலேயே கேட்டார்கள். “தலையெல்லாம் எப்படி நனைஞ்சிச்சு?”

“சாரல் அத்தை. கோயிலுல இருந்தே புடிச்சிக்கிட்டு” என்றாள் அக்காள்.

எங்கள் ஊரில் சீசன் நேரத்தில் யாரும் எப்படியும் நனைந்து வரலாம். அதை ஒருத்தரும் கேள்வி கேட்க முடியாது.

“வெரலுக்கு என்ன?”

“பஸ்ஸு கதவுல நசுங்கிட்டு.”

“கண்ண எங்கன வச்சிக்கிட்டு ஏறுன? பின்னால ஒரு சின்னப்புள்ள வாராளே, அவளுக்கு ஒண்ணும் ஆவலல்லா. ஒனக்கு மட்டும் என்ன பராக்கு?” என்று மாமியார் அக்காளைத் திட்டினார்கள். நான் அக்காள் முதுகுக்குப் பின்னால், அந்தப் பள்ளிக்கூடப் படத்தில் ஒளிந்த மாதிரியே ஒளிந்து நின்றேன்.

எண்ணெய் போட்டுத் துணி சுற்றினார்கள். விரல் கோணலாகவே கூடிவிட்டது. சோறு பிசையும்போது நான்கு விரலும் சேர்ந்து போகும், சுண்டுவிரல் மட்டும் தனியாக நிற்கும். வீட்டில் அதற்குக் கதவு விரல் என்றே பெயர் வந்துவிட்டது. அக்காளின் மகள் செல்வி நடை பழகியது அந்த விரலைப் பிடித்துத்தான். பிடிக்கத் தோதாக வெளியே நீட்டிக்கொண்டு இருக்குமே.

சொல்லிவிடட்டுமா என்று அக்காளிடம் ஒரு தடவை கேட்டேன். “சொல்லி என்னத்தக் காணப் போற. அருவிக்குப் போனதும் சேர்ந்து தெரியும். கதவுன்னே இருந்துட்டுப் போட்டும்” என்றாள். மாமியார் காலமாகிப் பல வருசம் ஆன பிறகும் அது கதவாகவே இருந்தது. அப்போது சொல்லியிருந்தால் யாரும் ஏசியிருக்க மாட்டார்கள். சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

வாளிக்குள் போனது

கை பதித்த அடுத்த வருசம், சாரல் தொடங்குவதற்கு முன்னால் கோமதி அக்காள் போய்விட்டாள். காலையில் நெஞ்சு கரிக்கிறது என்று சொன்னாள். சோடா குடித்துவிட்டுப் படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

எங்கள் பக்கம் சாவு வீட்டைத் துட்டி வீடு என்போம். துட்டி வீட்டில் வாய்விட்டு அழ வேண்டும். எனக்கு அது வராது. சுற்றி இருந்தவர்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். “ஓரகத்தி ஒரு சொட்டுக் கண்ணீர் விடலியே” என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது பெட்டியைத் திறந்து அந்த நீலத் துணியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் தெரியாது. அங்கே இருந்த நேரமெல்லாம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

துட்டி வீட்டுக்குப் போன உடம்போடும் துணியோடும் வீட்டுக்குள் நுழையக் கூடாது. கொல்லைப்புறமாக வந்து, குழாயடியில் உடுத்தியதை எல்லாம் வாளியில் போட்டு, தலை முழுகிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். நெருங்கிய துட்டி என்றால் நான் சுடுதண்ணீரில் சலவைச் சோடா கரைத்து ஊற்றிவிடுவேன். எங்கள் அம்மா அப்படித்தான் செய்வாள்.

எத்தனையோ துட்டிக்குப் போய் வந்த கை. அது பாட்டுக்கு வேலையைச் செய்தது. சேலையை அவிழ்த்தேன், இடுப்பில் இருந்ததையும் சேர்த்து வாளியில் போட்டேன், சோடாத் தண்ணீரை ஊற்றினேன், முழுகினேன். மாற்றுச் சேலை கட்டிக்கொண்டு துவைக்கிற கல்லில் வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன்.

அந்தத் துணி கையில் வந்தபோது அது எது என்று எனக்கு உடனே தெரியவில்லை.

நீலம் கரைந்து தண்ணீரில் ஓடியிருந்தால் தண்ணீராவது நீலமாக இருந்திருக்கும். தண்ணீரிலும் இல்லை. துணி முழுக்க ஒரே மஞ்சள், பழைய துரு மாதிரி. வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் நடுவில் எங்கேயோ வெளுப்பாக ஒரு கை இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படலாம். அவ்வளவுதான் மிச்சம்.

சோடா மட்டும் படக் கூடாது என்று டீச்சர் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அக்காள் வேடிக்கையாகச் சொன்னதையும் கேட்டேன். அதைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு அங்கேயே கல்லில் உட்கார்ந்திருந்தேன். அழுகை அப்போதுதான் வந்தது. பார்க்க ஆள் இல்லை.

பெட்டியில் இருக்கிறது என்றேன்

மூன்றாம் நாள் செல்வி ஓசூருக்குக் கிளம்பினாள். பிள்ளைக்குப் பரீட்சை, பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்துவிடுவாள். சொல்லிக்கொள்ள வந்தவள் எங்கள் அடுப்படி வாசலில் நின்றாள்.

“சித்தி, அம்மா கை பதிச்ச துணி ஒண்ணு உங்ககிட்ட இருக்குல்லா? போன்ல படம் எடுத்து அனுப்பியிருந்தா. நீலமா, வெள்ளக் கையா.”

“ம்.”

“பதினாறுக்கு வரும்போது எனக்குத் தாங்க சித்தி. கண்ணாடிச் சட்டம் போட்டு வச்சிக்கிடுதேன். போட்டோவுல எல்லாம் அம்மா வேற யாரோ மாதிரி மொறச்சிக்கிட்டு நிக்கா. அந்தக் கையப் பாத்தாத்தான் எனக்கு அம்மா மாதிரி இருக்கு.”

அவளுக்குப் பின்னால் கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. கொடியில் அந்த மஞ்சள் துணி ஆடிக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்த்தால் தெரியும். பார்த்தாலும் அதுதான் என்று தெரியாது.

“பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு தாயி” என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

நான் செய்யப் பார்த்த வேலை

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போனேன். “டீச்சர், மருந்து பூசுன துணி ஒண்ணு குடுங்க. நானும் கை வைக்கேன்” என்றேன்.

டீச்சருக்கு அவ்வளவு சந்தோசம். “சின்ன ஆச்சிக்கு இப்பவாவது மனசு வந்துச்சே. பெரிய ஆச்சி இருந்திருந்தா குதிச்சிருப்பாவ” என்று சொல்லி ஓடிப்போய் எடுத்து வந்தார்.

மேகமே இல்லாத வெயில். கையை வைத்தேன். டீச்சர் தண்ணீர் பிடிக்க உள்ளே போனதும் சுண்டுவிரலை வெளிப்பக்கமாகக் கோணி, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பத்து நிமிடம் அப்படியே இருந்தேன். வலித்தது. அவளுக்கு அன்றைக்கு வலித்ததில் கால்வாசிகூட இருக்காது.

ஆமாம், செல்வியை ஏமாற்றத்தான். நீலம் இருக்கிறது, கை இருக்கிறது, கோணல் விரலும் இருக்கிறது. இதுதான் உன் அம்மா என்று கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

டீச்சர் அலசித் தூக்கிப் பிடித்தார். பார்த்ததும் எனக்குத் தெரிந்துபோயிற்று. சின்னக் கை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பயந்த விரல்கள். பக்கத்தில் என் இடது கையின் நுனிகள் வேறு விழுந்திருந்தன, திருட்டைப் பிடித்துக்கொடுத்த மாதிரி. அக்காளின் கை அப்படி இருக்காது. அவள் வைத்தால் ஒவ்வொரு விரலுக்கும் நடுவில் இன்னொரு விரல் போகும்.

“விரலை ஏன் ஆச்சி இப்படி வச்சிய?” என்றார் டீச்சர்.

அப்போது எல்லாவற்றையும் சொன்னேன். வாளியை, சோடாவை, செல்வியிடம் சொன்ன பொய்யை. அருவியை மட்டும் சொல்லவில்லை.

டீச்சர் கையில் இருந்த துணியை நிழலில் காயப்போட்டார். பிறகு, “அந்த மஞ்சள் துணி எங்க? தூரப் போட்டுட்டியளா?” என்று கேட்டார்.

“இல்ல. இருக்கு.”

“எடுத்துட்டு வாங்க. நல்லாத் தேயிலை போட்டுக் கொதிக்க வைங்க. பாலு, சீனி வேண்டாம். நீலம் திரும்பி வராது ஆச்சி. ஆனா மருந்துல உள்ள இரும்பு துணியிலதான் இருக்கு. தேயிலைச் சாறு பட்டா கருக்கும். கை வருதான்னு பாப்போம்.”

எனக்கு நம்பிக்கை இல்லை. என்றாலும் பெரிய சட்டியில் தேயிலைத் தண்ணீர் போட்டு, ஆறவைத்து, துணியை முக்கினோம். நான் சட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். முதலில் துணி முழுக்க அழுக்கானது. இருந்ததையும் கெடுத்துவிட்டோம் என்று நினைத்தேன். அப்புறம் ஓரத்தில் இருந்து கருக்க ஆரம்பித்தது. கருப்பு உள்ளே வர வர, நடுவில் ஐந்து விரல் பிரிந்தது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்று ஒவ்வொன்றாக. கடைசியில், எல்லாவற்றையும் விட்டுத் தள்ளி நிற்கும் அது.

கை வெள்ளையாக இல்லை. தேயிலை நிறத்தில் இருந்தது. சொல்லப்போனால் அக்காளின் நிறமே அதுதான்.

பக்கத்தில் எனக்காக அவள் விட்டுவைத்த இடம்தான் துணியிலேயே நல்ல கருப்பாக வந்திருந்தது. எதுவும் வைக்காத இடத்தில்தான் வெயில் முழுக்க விழுமாம். டீச்சர் சொன்னார்.

பதினாறாம் நாள்

செல்வி வந்தாள். விசேஷம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு அவளை என் வீட்டுக்குள் கூப்பிட்டு, துணியை மடியில் வைத்தேன். அவள் விரித்துப் பார்த்தாள்.

“நீலமாலா இருந்திச்சு?”

“இருந்திச்சு தாயி. துட்டிக்கு எடுத்துட்டு வந்தேன். திரும்பி வந்து சேலையோட சேத்து சோடாவுல போட்டுட்டேன். நீ கேட்ட அன்னைக்குப் பெட்டில இல்ல. அந்தா, கொடியில கெடந்துச்சு.”

எழுபது வருசத்தில் நான் ஒரே மூச்சில் பேசிய பெரிய பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். அவள் ஏசுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

“எனக்குத் தெரியும் சித்தி” என்றாள் செல்வி. “அன்னைக்கு டீச்சர்கிட்டயும் சொல்லிக்கிட மாடிக்குப் போனப்ப, கொடியில அந்த மஞ்சத் துணி கெடந்ததப் பாத்தேன். என்னமோ ஆயிட்டுன்னு தெரிஞ்சிச்சு. பெட்டிக்குள்ள இருக்குன்னு நீங்க சொன்னப்ப ஒங்க மூஞ்சியே சரியில்ல. கேட்டா அழுதுருவியளோன்னு விட்டுட்டேன்.”

அவள் அம்மாவின் மகள்தான்.

துணியை மடியில் போட்டு, விரல் விரலாகத் தடவினாள். சுண்டுவிரலில் வந்து நின்றாள்.

“கதவு விரலு. இது மட்டும் அப்படியே இருக்கு, பாருங்க. எந்தக் கதவு சித்தி அது? அம்மா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு சொல்லுவா. ஒரு தடவை பஸ்ஸு கதவும்பா, ஒரு தடவை பீரோ கதவும்பா, ஒரு தடவை மாட்டுத் தொழுவம்பா. நான் சிரிச்சா அவளும் சிரிப்பா. நீங்க கூட இருந்தியளாமே. நிசமா எந்தக் கதவு?”

ஒரு பொய்யை அப்போதுதான் ஒத்துக்கொண்டு முடித்திருந்தேன். வாய் திறந்துதான் இருந்தது. இன்னும் ஒரே ஒரு வார்த்தை. அருவி என்று சொல்லியிருந்தால் போதும்.

“பஸ்ஸு கதவு தாயி” என்றேன்.

அவள் துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓசூருக்குப் போய்விட்டாள். இப்போது அது அவள் வீட்டுச் சுவரில் கண்ணாடிக்குள் இருக்கிறது. என் கை விழுந்த நீலத் துணி இங்கே என் பெட்டியில் இருக்கிறது. இரண்டு கையும் ஒரே துணியில் இருந்திருக்கலாம். அரைமணி நேரம் இடம் விட்டு வைத்துக்கொண்டு ஒருத்தி வெயிலில் உட்கார்ந்திருந்தாள்.

செல்வி இந்தத் தொடரை வாரம் தவறாமல் வாங்கிப் படிக்கிறாள். படித்த அன்றைக்கே போன் பண்ணி, அதை விட்டுட்டிய, இதை விட்டுட்டிய என்பாள். இந்த வாரமும் படிப்பாள்.

செல்வி, அது எந்தக் கதவும் இல்லை தாயி. உன் அம்மா விரலை ஒடித்தது நான்தான். நான் விழுந்துவிடக் கூடாது என்று அவள் விரலை இழுத்துக்கொள்ளவில்லை.

போன் பண்ணு. இந்தத் தடவை நானே எடுக்கிறேன்.